குன்னூர் பால்கனியில் பதின்மூன்று தொட்டிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

டீச்சர் என்னைக் கூப்பிட்டது செடி சாகிறது என்பதற்காக அல்ல, நிறம் மாறிவிட்டது என்பதற்காக. 2024 பிப்ரவரியில் ஒருநாள் போன் வந்தது. "தம்பி, நீலம்னு சொல்லித்தான் அந்த ஹைட்ரேஞ்சியாவக் குடுத்தான். முதல் தடவை நீலமாத்தான் பூத்துது. போன வருஷம் பார்த்தா ரோஸ். ஏமாத்திட்டானா?"

நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஹைட்ரேஞ்சியா மண்ணைப் பார்த்து நிறம் மாறும் செடி. மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். புளிப்பு குறைந்தால் அலுமினியம் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும், பூ ரோஸாகும். மண்ணின் புளிப்பை அளக்கும் எண் பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பொதுவாக பி.எச். 5.5-க்குக் கீழே நீலம், 6.5-க்கு மேலே ரோஸ், நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான் ஊதா. "மண்ணைக் கொஞ்சம் பார்க்கணும் டீச்சர், ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன். கொஞ்சம் என்று சொன்னது ஒன்றரை வருடம் இழுத்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒரு தேயிலைத் தோட்டத்தில் 19 வருடம் மண் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் வேலை பார்த்தவன். தோட்டக்கலைப் பட்டம் எதுவும் இல்லை. டீச்சரின் மகனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள், அந்த உரிமையில்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

இடம்

டீச்சரும் அவர் கணவர் சாரும் 2022 ஜூனில் கோத்தகிரிப் பக்கம் இருந்த சொந்த வீட்டை விட்டுவிட்டுக் குன்னூருக்கு வாடகைக்கு வந்தார்கள். சாருக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும். வந்தது முதல் மாடி. மேற்குப் பார்த்த பால்கனி, 12 அடி நீளம், 4 அடி அகலம். தலைக்கு மேலே காங்கிரீட் தளம், பின்னால் வீட்டுச் சுவர், முன்னால் கம்பி. காட்டெருமை ஏறி வந்து மேயாது என்பது ஒரு லாபம். குரங்குக்கு மாடியும் தரையும் ஒன்றுதான், அது வேறு கதை.

தொட்டிகள் 13. சுவரை ஒட்டி அசேலியா மூன்று. கம்பியோரம் ஹைட்ரேஞ்சியா நான்கு: மூன்று கோத்தகிரி வீட்டுச் செடியிலிருந்து குச்சி வெட்டிக் கொண்டுவந்து வேர் பிடிக்க வைத்தவை, ஒன்று புதிதாக வாங்கியது. மூலையில் பெரிய தொட்டியில் கமேலியா ஒன்று. ரோஜா இரண்டு. மேலே கொக்கியில் தொங்கும் ஃபூஷியா மூன்று.

கோத்தகிரி வீட்டில் டீச்சருக்கு முப்பது வருடத் தோட்டம். அங்கே வேலியோரம் ஹைட்ரேஞ்சியா ஆள் உயரத்துக்கு நிற்கும், ஒவ்வொரு பூவும் ஒரு முட்டைக்கோஸ் பெரிசு. செடி வளர்க்கத் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த விவகாரம் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. அதே கை, ஏறக்குறைய அதே உயரம். கோத்தகிரியும் குன்னூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர்தான். குளிரும் மூடுபனியும்கூட அதேதான். அங்கே பூத்தது இங்கே ஏன் முரண்டு பிடிக்கிறது?

என்ன நடந்தது

முதல் வருடம் எல்லாமே நன்றாக இருந்தன. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு உதவியது. 2023 நடுவில் அசேலியாவின் புதுத்தளிர் வெளிற ஆரம்பித்தது. "வெயில் பத்தலை" என்று ஒருவர் சொல்ல, மூன்றையும் கம்பியோரம் நகர்த்தினார்கள். மேற்கு வெயில் மதியத்துக்கு மேல் நேராக அடிக்கும் இடம். இரண்டு வாரத்தில் இலை நுனி கருகியது. திரும்ப உள்ளே. "சத்து பத்தலை" என்று இன்னொருவர் சொல்ல, ஒரு கைப்பிடி டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள ரசாயன உரம்) போட்டார்கள். வெளிறல் கூடியது. ஹைட்ரேஞ்சியாவில் புதிதாக வாங்கியது ரோஸாகப் பூத்தது, கோத்தகிரிக் குச்சிகள் மூன்றும் இலையாகவே வளர்ந்தன, பூ ஒன்றுகூட இல்லை. கமேலியாவில் அந்த அக்டோபரில் மொட்டு கொள்ளை கொள்ளையாகப் பிடித்தது. டிசம்பருக்குள் பழுப்பாகிக் கீழே கொட்டியது. மலர்ந்தது மூன்று.

இதற்கெல்லாம் நடுவே ரோஜா இரண்டும் தளதளவென்று பூத்துக்கொண்டிருந்தன. ஃபூஷியாவைக் கேட்கவே வேண்டாம், ஜிமிக்கி தொங்கவிட்ட மாதிரி.

ஒரே பால்கனி, ஒரே ஆள் தண்ணீர் ஊற்றுகிறார், ஒரே காற்று. ஐந்து செடி கொண்டாட்டமாக இருக்கிறது, எட்டு செடி நோஞ்சானாக இருக்கிறது. அந்த எட்டும் எவை? அசேலியா, ஹைட்ரேஞ்சியா, கமேலியா. மூன்றுமே புளிப்பு மண் கேட்கும் சாதி. ரோஜாவும் ஃபூஷியாவும் மண்ணில் புளிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துப் போகும். முதல் நாள் காபி குடித்து முடிப்பதற்குள் சந்தேகம் மண்மேல் விழுந்துவிட்டது. ஆனால் அது பாதி உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

இலையும் பாத்திரமும்

அசேலியாவில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நரம்பு மட்டும் பச்சை. நரம்புக்கு நரம்பு நடுவே எலுமிச்சை மஞ்சள், மெல்லிய வலை போட்ட மாதிரி. அதே கிளையில் கீழே பழைய இலை நல்ல கரும்பச்சை. இந்த மேல் கீழ் வித்தியாசம் முக்கியம். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கும், ஆகவே கீழே இருந்து மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி இடம் பெயராது, பற்றாக்குறை வந்தால் கொழுந்துதான் முதலில் வெளிறும். டி.ஏ.பி. போட்டது தப்பு என்று இந்த ஒரு இலையே சொல்லிவிட்டது. டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்து. அது மண்ணில் இரும்பையும் அலுமினியத்தையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து தண்ணீர். சமவெளியில் இந்த மாதிரிப் புகார் வந்தால் பாதிக்கு மேல் போர்வெல் உப்புத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். இங்கே அதைப் பரிசோதிக்கக் கருவி தேவைப்படவில்லை. டீச்சர் வீட்டு வென்னீர்ப் பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். இரண்டு வருடம் தினமும் கொதித்த பாத்திரம், வெள்ளைப் படிவம் துளிகூட இல்லை. சுண்ணாம்புச்சத்து இல்லாத மென்மையான மலைத் தண்ணீர். தண்ணீர்மேல் பழி இல்லை.

பிறகு மண். ஒவ்வொரு தொட்டியிலும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு மூன்று அங்குல ஆழத்தில் எடுத்தேன். 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லி தண்ணீர், கலக்கி அரை மணி நேரம் விட்டு மீட்டரை வைத்துப் பார்க்கிற வழக்கமான முறைதான். அசேலியா மூன்றும் 7.3, 7.6, 7.6. ஹைட்ரேஞ்சியா 7.1-லிருந்து 7.4 வரை. ரோஜா 7.2. தொங்கும் ஃபூஷியா மட்டும் 6.2. கமேலியா 6.4. ஒப்பிட்டுப் பார்க்க டீச்சர் மகன் கோத்தகிரி வீட்டு வேலியோரம் ஒரு கவர் மண் எடுத்து வந்தான். அது 5.2.

5.2-க்கும் 7.4-க்கும் வித்தியாசம் இரண்டேகால்தானே என்று தோன்றும். பி.எச். கணக்கில் ஒரு எண் ஏறினால் புளிப்பு பத்தில் ஒன்றாகும், இரண்டு எண் ஏறினால் நூற்றில் ஒன்று. குச்சி வெட்டிய தாய்ச்செடி நிற்கும் மண்ணைவிட நூறு மடங்குக்கும் மேல் புளிப்பு குறைந்த மண்ணில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தன.

எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. தேயிலைக்கு நாங்கள் பார்த்தது இதற்கு நேர் எதிர். உரம் போட்டுப் போட்டு மண் புளித்துப்போய் 4.5-க்கும் கீழே போகும், டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைப் போடச் சொல்லி எழுதுவோம். நீலகிரியில் மண்ணின் புளிப்பு போய்விட்டது என்று ஒரு புகாரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

சிரட்டைச் சாம்பல்

கலவையில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். செம்மண், சாணி எரு, கொஞ்சம் மணல். அதில் தப்பில்லை. பிறகு என்னென்ன போடுகிறீர்கள் என்றால், "வேற என்ன, காய்கறித் தோல் மக்கினது, டீத்தூள் சக்கை, அவ்வளவுதான்" என்றார். டீத்தூள் சக்கை இவ்வளவு செய்யாது. இரண்டாவது ஞாயிறும் போய், அவர் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊற்றி முடித்ததும் மூலையிலிருந்து ஒரு வாளியை எடுத்தார். உள்ளே சாம்பல். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் குளிக்க வென்னீர் போடுவது விறகு அடுப்பில். அந்தச் சாம்பலை அந்தம்மா சலித்து மேலே அனுப்பிவிடுகிறார். டீச்சர் அரைச் சிரட்டை அள்ளித் தொட்டியைச் சுற்றி அழகாகத் தூவினார், கோலமாவு போடுகிற லாவகம்.

"இதைச் சொல்லலையே டீச்சர்."

"சாம்பல் என்ன மருந்தா? எங்க அம்மா காலத்துல இருந்து போடுறதுதானே. பூ நல்லாப் பிடிக்கும், பூச்சி வராது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு, பூவுக்கு நல்லதுதான். ஆனால் விறகுச் சாம்பலில் புளிப்பை முறிக்கும் காரம் அதிகம், கிட்டத்தட்ட சுண்ணாம்பு மாதிரி வேலை செய்யும். கோத்தகிரித் தோட்டத்தில் அதே அரைச் சிரட்டை ஒரு பெரிய புதரைச் சுற்றிப் பத்துச் சதுர அடியில் விழும். அடியில் ஆழமான புளிப்பு மண், மேலே நேராக விழும் மழை. காரத்தை மழை கரைத்து இறக்கிவிடும், மண் மிச்சத்தை விழுங்கிவிடும். பால்கனித் தொட்டியில் மண்ணே பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான். மேலே தளம் இருப்பதால் ஒரு சொட்டு மழை கிடையாது. பூவாளியில் ஊற்றுகிற அளவான தண்ணீர் எதையும் அடித்துக்கொண்டு போகாது. மாதம் இரண்டு முறை, இருபது மாதம். போட்ட சாம்பல் அத்தனையும் அங்கேயே இருந்தது. முதல் வருடம் எல்லாம் நன்றாக இருந்ததற்கும் காரணம் இதுதான், காரம் சேர நாளாயிற்று.

தொங்கும் ஃபூஷியா தப்பித்தது உயரத்தால். டீச்சருக்குக் கை எட்டாது, சாம்பல் ஏறவில்லை. கமேலியா மூலையில் இருந்ததால் அரைகுறையாகத் தப்பித்தது.

சுவரோர அசேலியாவில் இரண்டு மட்டும் 7.6 காட்டியது ஏன் என்பதற்கு வேறு பதில் கிடைத்தது. 2023 பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்காரர் வெள்ளையடித்தார். அடித்த பையன்கள் சுண்ணாம்பு வாளியைப் பால்கனியில்தான் கழுவினார்கள். சுவரடியில் காய்ந்த வெள்ளை ஒழுக்கு நேராக அந்த இரண்டு தொட்டி விளிம்பில் போய் முடிந்தது. நகத்தால் சுரண்டியபோது தொட்டியின் உட்புறத்திலும் வந்தது.

கமேலியா: வேறு வழக்கு

6.4 என்பது கமேலியாவுக்கு ஒத்துக்கொள்கிற எல்லைக்குள் வரும், கொஞ்சம் அதிகம்தான். அதற்காக மொட்டு மொத்தமும் கொட்டாது. இலையும் நன்றாகவே இருந்தது. தேயிலையும் கமேலியாவும் ஒரே பேரினம் என்பதால் அந்த இலையைப் பார்க்க எனக்குக் கண் பழகியிருக்கிறது. பூச்சி இல்லை, புள்ளி இல்லை.

அக்டோபர், நவம்பரில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடைமழை தம்பி அப்போ. மூணு நாளா வெளிய தலை காட்ட முடியலை. அந்த மழையில யாராவது செடிக்குத் தண்ணி ஊத்துவாங்களா?"

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் நனையும், நமக்கு அக்டோபர், நவம்பர். அந்த மழை கிழக்கிலிருந்து வரும். டீச்சர் பால்கனி பார்ப்பது மேற்கு. வீடே குடையாக நிற்கிறது. ஊர் முழுக்க வெள்ளக்காடாக இருந்த ஆறு வாரமும் அந்தப் பால்கனியில் வறட்சி. ஃபூஷியாவுக்கு மட்டும் அது வாடுவது கண்ணில் பட்டதால் தண்ணீர் கிடைத்தது. கமேலியா இலை தடித்தது, வாடிக் காட்டாது. வேர் காய்ந்தால் இலையை வைத்துக்கொண்டு மொட்டைத்தான் உதிர்க்கும். உதிர்ப்பதும் உடனே இல்லை, சில வாரம் கழித்து. அதற்குள் மறுபடி தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருப்போம், காரணம் எங்கோ போய்விடும்.

அப்புறம் ஒன்று. நான் பார்த்த பிப்ரவரியில் அந்தத் தொட்டியில் மண்கட்டி சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிற இடைவெளி. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன், எண்ணிப் பத்து முடிவதற்குள் அடித் துளையில் வந்துவிட்டது. "பாருங்க, கீழ வரைக்கும் நல்லா ஈரம் போகுது" என்றார் டீச்சர். போனது ஓரமாக. நடுமண்ணைக் கம்பியால் குத்தி எடுத்தால் முறுக்கு மாதிரி காய்ந்திருந்தது. சார், நான், மகன் மூன்று பேரும் சேர்ந்து தொட்டியைத் துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் இறக்கினோம். குமிழி வருவது நிற்க முக்கால் மணி நேரம் ஆனது.

பூக்காத மூன்று

கோத்தகிரிக் குச்சிகள் மூன்றும் ஏன் பூக்கவே இல்லை? இதற்கு மண்ணும் காரணம் இல்லை, தண்ணீரும் காரணம் இல்லை. ஜனவரியில் ரோஜாவுக்குக் கவாத்து செய்த கையோடு டீச்சர் ஹைட்ரேஞ்சியாவையும் வெட்டிவிடுவார். இந்த ஹைட்ரேஞ்சியா பழைய தண்டில் பூப்பது. இரவு 18 டிகிரிக்குக் கீழே சில வாரம் தொடர்ந்து இருந்தால் தண்டு நுனியில் அடுத்த பூவுக்கான மொட்டு உள்ளுக்குள் உருவாகிவிடும். வெளியே பார்த்தால் மொட்டைக் குச்சி மாதிரிதான் தெரியும். ஜனவரியில் அந்த நுனியை வெட்டினால் வரப்போகிற பூவையே வெட்டியது போல. புதிதாக வாங்கியதை, "சின்னச் செடி, பாவம்" என்று அவர் வெட்டாமல் விட்டார், அது பூத்தது. நிறம் மாறினாலும் பூத்தது.

கோத்தகிரியிலும் இப்படித்தானே வெட்டுவேன் என்றார். உண்மைதான். அங்கே புதரின் முன்பக்கம் வெட்டினாலும் உள்ளே கத்தி எட்டாத முப்பது தண்டு மிஞ்சும், அவை பூக்கும். தொட்டிச் செடியில் மொத்தமே ஏழு தண்டு. ஏழையும் சீராக, ஒரே உயரத்துக்கு வெட்டியிருந்தார்.

செய்தவை, என் தப்பு உட்பட

2024 மார்ச்சில், பூவுக்கு அப்புறம், அசேலியா மூன்றையும் மாற்று மண்ணுக்கு மாற்றினோம். கலவை: இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு சில்வர் ஓக் இலை மக்கு, ஒரு பங்கு நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு பெருமணல். இலை மக்கை ஒரு தோட்டத்து நிழல் மரத்தடியில் கேட்டு வாங்கினேன். சோலைக்காட்டில் போய் அள்ளுகிறவர்கள் உண்டு, அதைச் செய்ய வேண்டாம், காட்டு மண் காட்டுக்கு. வடிகாலுக்கு அடியில் செங்கல் துண்டு போடுவதும் நம்மூர் வழக்கம். பழைய கட்டடம் இடித்த செங்கலாக இருந்தால் அதில் பூச்சுக் கலவை ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் சுண்ணாம்புதான். ஆற்றுக் கூழாங்கல் போட்டோம்.

அசேலியா வேர் மேலேயே, மூன்று அங்குலத்துக்குள், தலைமுடி மாதிரி பின்னிக்கொண்டிருக்கும். பழைய மண்ணைக் கையால் உதிர்க்கப் பார்த்தால் வேரும் கூடவே வரும். வாளித் தண்ணீரில் மெதுவாக ஆட்டி ஆட்டித்தான் பிரித்தோம். பழைய தொட்டியின் மண்மட்டம் எதுவோ அதே மட்டத்தில் நட்டோம், ஒரு விரல் ஆழம்கூட அதிகமில்லை.

ஹைட்ரேஞ்சியா நான்கிலும் மேல்மண்ணில் பாதியை எடுத்துவிட்டுப் புதுக்கலவை போட்டேன். தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் கந்தகத் தூள். கந்தகம் தானாகப் புளிப்பு தராது, மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற வேண்டும், நம் குளிருக்கு அது மாதக்கணக்கில் ஆகும். நிறத்துக்குப் படிகாரம். கடையில் கிடைக்கும் சாதாரணப் படிகாரம்தான், அதில் அலுமினியம் இருக்கிறது. லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை.

இங்கேதான் தப்பு செய்தேன். படிகாரக் கரைசல் மிச்சம் இருந்தது. புளிப்பு எதற்கும் புளிப்புதானே என்று மூன்று அசேலியாவுக்கும் ஊற்றிவிட்டேன். வேர் கழுவி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஹைட்ரேஞ்சியாவும் தேயிலையும் அலுமினியத்தை உள்ளே சேர்த்துவைத்துக்கொண்டே வாழும் செடிகள். அசேலியாவுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை, அதுவும் காயம்பட்ட வேருக்கு. மூன்றில் நோஞ்சானாக இருந்தது மே மாதம் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனியெல்லாம் கறுத்துக் கட்டையாக இருந்தது. டீச்சர் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மிச்ச இரண்டுக்கும் இரும்புச்சத்துக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்), லிட்டருக்கு 2 கிராம், சாயங்கால நேரம் இலையில் தெளிப்பு. இதில் ஒரு எச்சரிக்கை: தரையில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். நான் விரிக்கவில்லை. அன்னபேதி காய்ந்ததும் சிமென்ட் தரையில் துருக்கறை, டீ சிந்தின நிறத்தில், தேய்த்தாலும் போகாது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "செடி உங்க செடி, தரை எங்க தரை" என்றார். அடுத்த வெள்ளையடிப்புக்குத் தொட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்கிறோம் என்று பேச்சை எடுக்க அது நல்ல நேரமாக இல்லை, பிறகு டீச்சரே பேசிக்கொண்டார்.

சாம்பல் நின்றது, ரோஜாவுக்கும் சேர்த்து. கத்தரிக்கோலை ஹைட்ரேஞ்சியா பக்கம் கொண்டுபோவது பூ வாடின உடனே மட்டும், அதுவும் பூவுக்குக் கீழே முதல் தடித்த கணு வரை. தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம், விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது என்று வைத்தோம். கனமான தொட்டிகளைக் கம்பியோரம் இருந்து சுவரோரம் மாற்றினோம், ஈரமான 12 அங்குலத் தொட்டி ஒன்று இருபது கிலோவுக்குக் குறையாது. ஹைட்ரேஞ்சியாவுக்கு மேற்கு வெயிலும் இதில் குறைந்தது.

பூத்த செடியை வீட்டுக்குள் வைக்கலாமா என்று சார் கேட்டார். விருந்தாளி வருகிறபோது வைக்கலாம், ஜன்னலோரம், ஒரு வாரம் பத்து நாள். அதற்கு மேல் வெளிச்சம் போதாது. பேரப்பிள்ளை வருகிற வீடு என்பதால் அசேலியா இலையும் ஹைட்ரேஞ்சியா இலையும் வாயில் போடக் கூடாதவை என்பதையும் சொன்னேன், இரண்டும் விஷம்.

பலன்

2024 ஜூனில் இரண்டு அசேலியாவும் விட்ட கொழுந்து பச்சையாக வந்தது. பழைய மஞ்சள் இலை பச்சையாகத் திரும்பவில்லை, கொட்டியது. மண் அப்போது 5.6, அக்டோபரில் 5.4. 2025 பிப்ரவரியில் ஒன்று செடியே தெரியாமல் பூத்தது, மற்றது ஒரு பக்கம் மட்டும்.

கமேலியாவுக்கு வடகிழக்கு மழைக்காலம் முழுக்க டீச்சர் தண்ணீர் ஊற்றினார். வெளியே கொட்டுகிற மழையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பூவாளியும் கையுமாக. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்களாம். மொட்டு 31, மலர்ந்தது 22. இருந்த 6.4-ஐ நான் தொடவில்லை, ஆகவே இந்தத் திருத்தம் தண்ணீரால்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஹைட்ரேஞ்சியா கதை மெதுவானது. 2024 ஜனவரி வெட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டதால் கோத்தகிரிக் குச்சிகளில் அந்த வருடம் பூ இல்லை. வாங்கிய செடி அழுக்கு ஊதாவில் பூத்தது. 2025 ஜனவரியில் சாரைக் காவல் வைத்து வெட்டாமல் காத்தோம். மே மாதம் நான்கும் பூத்தன. வாங்கியது நல்ல நீலம். கோத்தகிரிக் குச்சிகளில் ஒன்று அடியில் நீலமும் ஓரத்தில் ஊதாவுமாக, ஒரே கொத்தில் இரண்டு நிறம். இன்னொன்று வெளிர் நீலம்.

மூன்றாவது வெள்ளை. கோத்தகிரியில் அதன் தாய்ச்செடி என்ன நிறம் என்று கேட்டால், எல்லாமே நீலம் என்று டீச்சர் சாதித்தார். வேலியோரம் பின்னால் ஒரு வெள்ளைப் புதர் இருந்தது என்று சார் சொன்னார். வெள்ளை ரகத்துக்கு நிறமியே கிடையாது, அதற்கு மண் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். இன்னொரு ஆறு தடவை படிகாரம் ஊற்றிப் பார்க்கலாமா என்று டீச்சர் போன வாரமும் கேட்டார். ஊற்றினால் தொட்டியில் உப்பு சேரும், பூ மாறாது என்று சொல்லியிருக்கிறேன். கேட்டாரா என்று தெரியவில்லை, படிகாரப் பொட்டலத்தை இன்னும் ஜன்னல் மேல்தான் வைத்திருக்கிறார்.